ஓடிபி திருட்டுக்கும் குவாண்டம் சிப்புக்கும் என்ன சம்பந்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த குவாண்டம் ரேண்டம் எண் (ஒளித்துகள் போன்ற நுண்பொருள்களின் போக்கிலிருந்து எடுக்கும், யாராலும் கணிக்க முடியாத எண்) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாதி ஒளியை மட்டும் விடும் கண்ணாடியில் ஒற்றை ஒளித்துகள் ஊடுருவுமா, திரும்புமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை அழகாக விளக்கியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் இப்படிப்பட்ட எண்ணைத் தரும் குவாண்டம் சிப் வந்துவிட்டால் ஓடிபி மோசடி ஒழிந்துவிடும் என்று முடித்திருந்தாரே, அதுதான் இடிக்கிறது. நான் தங்கச்சிமடத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். பணம் பறிகொடுத்தவர்கள் முதலில் ஓடி வருவது என்னிடம்தான், போலீசுக்கு அப்புறம்தான் போகிறார்கள்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படி வந்தார். நிவாரணப் பணம் ஏற்ற வேண்டும், போனுக்கு வந்த ஆறு எண்ணைச் சொல்லுங்கள் என்று ஒருவன் கேட்டிருக்கிறான். சொல்லிவிட்டார். ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் வாய்ப்பு. அதை அவன் எங்கே கணித்தான்? கேட்டான், கிடைத்தது. அந்த எண் ஒளித்துகளிலிருந்தே பிறந்திருந்தாலும் அக்கா அப்படியே வாசித்துக் காட்டியிருப்பார்.

சரி, அந்தச் சிப் வேறு எதற்கு? எங்கள் கரையில் மீனைக் கூறு வைத்ததும் ஆளுக்கொரு குச்சி, சிப்பி, தீப்பெட்டி என்று கொடுப்பார்கள். எது யாருடையது என்று தெரியாத ஒரு பொடியன் அவற்றைக் கூறுக்கு ஒன்றாகப் போடுவான். அவனுக்கு யாராவது கண் காட்டிவிட்டால் போச்சு. கம்ப்யூட்டரும் ஒரு விதை எண்ணை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுத்தான் ரேண்டம் எண்களை உண்டாக்குகிறது. விதை தெரிந்தவனுக்கு வரிசை முழுவதும் தெரியும், அதிலிருந்து பிறக்கும், தகவலைப் பூட்டும் ரகசியச் சாவியும் தெரியும். யாரும் கண் காட்ட முடியாத விதையைத் தருவதுதான் குவாண்டம் கருவியின் வேலை. 2020-இல் தென்கொரியாவில் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ குவாண்டம் போனில் இருக்கும் சிப்பில் ஒரு குட்டி எல்இடி, எதிரே கேமராவில் இருப்பது போன்ற சென்சார். ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளித்துகள்கள் கூடிக் குறைவதைத்தான் அது எண்ணாக்குகிறது.

நல்ல விதை கிடைத்தால் மட்டும் போதுமா? 2006-இல் டெபியன் லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தில், நிரலைச் சோதிக்கும் மென்பொருள் எச்சரிக்கை காட்டுகிறதே என்று, ரகசியச் சாவிகளை உண்டாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் இரண்டொரு வரியை நீக்கினார்கள். ரேண்டம் தகவலைக் கலக்கும் வரியும் அதோடு போய்விட்டது. 2008 மே மாதம் விஷயம் வெளிவரும்வரை, ஒவ்வொரு வகைச் சாவியிலும் சுமார் 32 ஆயிரம் மட்டுமே பிறக்க முடிந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பூட்டைத் திறந்துவிடலாம்! அன்றைக்குக் குவாண்டம் சிப் இருந்திருந்தாலும் அதன் எண்ணும் அதே ஓட்டையில்தான் கொட்டியிருக்கும்.

சிப்பும் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் சாமான்தான். ஒளியை உணரும் பகுதிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, சிப் தரும் பூஜ்யம், ஒன்று வரிசையில் ஏதாவது ஒன்று சற்றுக் கூடுதலாக வரும், அதைக் கணக்கால் சரிசெய்கிறார்கள். உள்ளே பழுதாகிவிட்டாலும் எண் வந்துகொண்டே இருக்கலாம், வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இதை யார், எப்படிச் சோதிக்கிறார்கள் என்று கட்டுரையாளரை அடுத்து எழுதச் சொல்லுங்கள்.

அந்த ஓடிபி வரியையும் திருத்திவிடுங்கள். உங்கள் பக்கத்தை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டலாம் என்றிருந்தேன், அந்த ஒரு வரிக்காகத்தான் ஒட்டவில்லை.

ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.