பேரப்பிள்ளைகளோடு ஜெபம்: இந்த வாரப் பகுதி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இந்த வாரம் வேதாகமத்தில், பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்திலிருந்து 2 தீமோத்தேயு 1:5 வாசிப்போம். தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடம் இருந்தது என்கிறார் பவுல். அந்தப் பாட்டி எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது ஆறுதல்தான்!

நேற்று இரவு ஜெபத்தில் என் பேரன், "இயேசப்பா, தெருநாய்க்குக் காதுல புண்ணு, சரியாக்குங்க" என்றான். ஆமென் சொன்ன கையோடு, "தாத்தா, மஞ்சள் எங்க இருக்கு?" என்று எழுந்துவிட்டான். தேவையில் இருப்பவரை வெறும் வார்த்தையோடு அனுப்பிவிட்டால் என்ன பயன் என்று கேட்கும் யாக்கோபு 2:15, 16 வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள்.

உங்கள் வீட்டில் நடந்ததைச் சனிக்கிழமைக்குள் குரல் பதிவாக அனுப்புங்கள். சின்னதாக இருந்தாலும் சரி. பிள்ளைகளின் படம் மட்டும் போட வேண்டாம். அப்புறம் காலை வணக்கப் பூக்களும்.