சேலை விரிக்கிற பொண்ணுக்கும் கால் வலிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க தீபாவளி ஸ்பெஷல் பக்கத்துல தி.நகர் ஜவுளிக்கடைகளப் பத்தி பெருசா போட்டிருந்தீங்க. எந்த பார்டர் இந்த வருஷம் ஓடுது, எந்த பட்ஜெட்டுக்கு என்ன எடுக்கலாம், முதலாளிங்க பேட்டி எல்லாம் இருந்துச்சு, நல்லாவே எழுதியிருந்தாங்க. ஆனா போட்டோவுல சேலைய விரிச்சுக் காட்டிட்டு நிக்கிற பொண்ணுங்ககிட்ட ஒரு வார்த்தை கூட யாரும் கேக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி நானும் அந்த மாதிரி ஒரு கவுன்ட்டர்ல நின்னவதான், அதனால இத எழுதணும்னு தோணுச்சு.

நிக்கிறதுன்னா நெசமாவே நிக்கிறதுதான் சார். காலையில ஷட்டர் தூக்குறதுக்கு முன்னாடியே ப்ளோருக்கு வந்து நேத்து கலைஞ்ச சேலையெல்லாம் மடிச்சு அடுக்கணும், அப்புறம் ராத்திரி கடை சாத்துற வரைக்கும் கால்லதான், நடுவுல சாப்பாட்டுக்கு விடுற நேரம்தான் உக்காருற நேரம், அதுலயும் பாதி மெஸ்ஸுக்குப் படி ஏறி எறங்கவே போயிரும். சீசன் டயம்னா கேக்கவே வேணாம். கூட்டமே இல்லாத மத்தியானத்துல கூட செவுத்துல சாயக்கூடாது, கேமராவுல பாத்துட்டு சூப்பர்வைசர் வந்துருவாரு, சம்பளத்துல பிடிச்சிருவாங்க. கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டி நீலமா பொடைச்சுக்கிட்டு நிக்கும், எங்க ஹாஸ்டல்ல ராத்திரி லைட்ட அணைச்சதுக்கு அப்புறம் செவுத்துல கால தூக்கி வச்சுக்கிட்டுதான் பாதிப் பேர் படுத்திருப்போம். மாசாமாசம் வர்ற அந்த மூணு நாளும் இதே நிலைமைதான், அதுக்கு மேல எழுத வேண்டாம்.

நம்ம ஊர்ல இதுக்கு சட்டம் இருக்கு, அது நெறைய பேருக்குத் தெரியல. 2021 செப்டம்பர்ல தமிழ்நாடு சட்டசபையில கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ ன்னு ஒரு புதுப் பிரிவு சேத்தாங்க. எல்லா கடையிலயும் எல்லா ஊழியருக்கும் உக்கார வசதி இருக்கணும், வேலைக்கு நடுவுல உக்கார வாய்ப்பு கெடைக்கிறப்ப அவங்க உக்காரலாம், நாள் பூரா நிக்கவே வைக்கக் கூடாதுங்கறதுதான் அதோட சாரம். இதுக்கு முன்னாடியே 2018ல கேரளாவுல இத கொண்டு வந்துட்டாங்க. அது சும்மா வரல. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல தையல் வேலை பாத்த விஜின்னு ஒரு அம்மா 'பெண்கூட்டு'ன்னு சங்கம் ஆரம்பிச்சு, மொதல்ல கடையில வேலை பாக்குற பொம்பளைங்களுக்கு பாத்ரூம் கேட்டு, அப்புறம் உக்கார உரிமை கேட்டு வருஷக்கணக்கா போராடினாங்க. திருச்சூர்ல ஒரு ஜவுளிக்கடைப் பொண்ணுங்க 2014 கடைசியில ஆரம்பிச்சு மாசக்கணக்கா கடை வாசல்ல உக்காந்தாங்க. அவங்க பட்ட பாடுதான் இங்க நமக்கும் சட்டமா வந்து சேந்துச்சுன்னு நான் நம்புறேன்.

ஒண்ணு மட்டும் யோசிச்சா மனசு ஆறல. நம்ம கடை சட்டம் 1947ல வந்தது, அதுல உக்கார்றதப் பத்தி ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷமே 1948ல வந்த பேக்டரி சட்டத்துல நின்னுக்கிட்டு வேலை செய்றவங்களுக்கு உக்கார வசதி செஞ்சு குடுக்கணும்னு எழுதிட்டாங்க. இங்கிலாந்துல 1899லயே கடையில மூணு பொம்பளைங்களுக்கு ஒரு சீட்டாவது போடணும்னு சட்டம் போட்டிருக்காங்க. நமக்கு அது வர 2021 ஆகியிருக்கு. ஒரு ஸ்டூல் என்ன வெலை வரும், ஒரு நல்ல சில்க் காட்டன் சேலை வெலை கூட வராது. அப்ப காசு இல்ல காரணம்.

காரணம் அந்தஸ்துதான். நம்ம சமூகத்துல யாரு உக்காரலாம் யாரு நிக்கணும்ங்கறது ரொம்ப காலமா யாரு பெரியவங்கன்னு காட்டுற விஷயமா இருக்கு. கடலூர் பக்கம் தெற்கு திட்டைல 2020ல ஊராட்சித் தலைவரா ஜெயிச்ச ஒரு தலித் பெண்ணையே கூட்டத்துல தரையில உக்கார வச்சாங்க, போட்டோ வந்ததுக்கு அப்புறம்தான் நாடே பேசுச்சு. ஓட்டுல ஜெயிச்சவங்களுக்கே நாற்காலி இல்லைன்னா பன்னெண்டாவது முடிச்சிட்டு கிராமத்துல இருந்து பஸ் ஏறி வந்த பொண்ணுக்கு யாரு போடுவா. கடையிலயும் அதேதான், முதலாளி உக்காருவாரு, கேஷ்ல இருக்கறவரு உக்காருவாரு, வாங்க வந்தவங்களுக்கு சோபா, அவங்க கூட வந்த கொழந்தைக்கு கூட சேர் போடுவாங்க. ப்ளோர்ல நிக்கிறவங்க மட்டும் நிக்கணும்.

கஸ்டமர் முன்னாடி உக்காந்தா மரியாதை இல்லன்னு சொல்றாங்க. பேங்க்குல ஆபீசர் உக்காந்துதான இருக்காரு, காசு போட வந்த நாமதான நிக்கிறோம், அது மரியாதைக் குறைவுன்னு யாராச்சும் சொல்றோமா? அவ்வளவு ஏன், அந்தக் காலத்துப் பட்டுக்கடையில வெள்ளைத் துணி போட்ட மெத்தை விரிச்சிருப்பாங்க, எங்க அத்தை கல்யாணப் பட்டு எடுக்க கும்பகோணத்துக்குப் போனப்ப நான் சின்னப் பிள்ளை, கடைக்காரரும் மெத்தையில சம்மணம் போட்டு உக்காந்துதான் ஒண்ணொண்ணா மடியில வச்சு விரிச்சுக் காட்டினாரு, வாங்கறவங்களும் அதே மெத்தையிலதான் உக்காந்திருந்தாங்க. யாருக்கும் கௌரவம் கொறையல, வியாபாரமும் நடந்துச்சு. மாடி மாடியா கடை கட்டி ஏசி போட்டதுக்கு அப்புறம் விக்கிறவளுக்கு மட்டும் எடம் இல்லாம போச்சு.

இன்னொன்னும் சொல்லணும். எல்லாருக்கும் ஒரே கலர் யூனிபார்ம் சேலை, ஒரே மாதிரி கொண்டை, நெஞ்சுல பேர் பேட்ஜ் இருக்கும், ஆனா அதப் படிக்கிறவங்க ரொம்பக் கொறைவு, "ஏம்மா", "இந்தாப் பொண்ணு" இதுதான் எங்க பேரு. ஆனா நாங்க எல்லாரும் ஒண்ணு இல்ல. எங்க கவுன்ட்டர்ல ஒரு அக்கா இருந்தாங்க, அம்மாவும் பொண்ணும் படியேறி வர்றப்பவே யாரு பேச்சு எடுபடும், எந்தக் கலர்ல போய் நிப்பாங்கன்னு கரெக்டா சொல்லிருவாங்க, அவங்க எடுத்துப் போடுற மூணாவது நாலாவது சேலையில பில் ஆயிரும். இன்னொரு பிள்ளை ஜரிகைய விரலால தடவியே எந்த ரகம்னு சொல்லும், அது கரஸ்ல பி.காம் படிச்சுக்கிட்டு இருந்துச்சு, புக்க சேலை அட்டைக்குள்ள ஒளிச்சு வச்சுப் படிக்கும். இந்தத் திறமைக்கு ஒரு பேரும் கெடையாது, இன்கிரிமென்ட்டும் கெடையாது, கணக்குல நாங்க வெறும் "ஸ்டாப்".

கிராமத்துப் பிள்ளைங்களுக்கு சோறு போட்டு தங்க எடம் குடுத்து வாழ்க்கை குடுக்குறோம்னு முதலாளிங்க சொல்லுவாங்க. வேலை குடுத்தாங்க, இல்லன்னு சொல்லல, அந்த சம்பளத்துலதான் என் தம்பி ஐடிஐ முடிச்சான். ஆனா அது வேலைக்குக் குடுத்த கூலி, தானம் இல்ல. எட்டு மணி நேரம்தான் வேலைன்னும் அதே கடை சட்டம் சொல்லுது.

வாங்கப் போற நம்ம பங்கும் இதுல இருக்கு. எங்களோட ஒருத்தி காய்ச்சலோட சேலைக் கட்டு மேல ஒரு நிமிஷம் உக்காந்ததுக்கு ஒரு கஸ்டமரே போய் மேனேஜர்கிட்ட "உங்க ஸ்டாப்புக்கு மேனர்ஸ் இல்ல"ன்னு சொன்னாங்க, அன்னிக்கு அவளுக்கு அரை நாள் சம்பளம் போச்சு. அந்தம்மா கெட்டவங்கன்னு நான் நெனைக்கல, படிச்சவங்க, நல்லாத்தான் பேசினாங்க, ஆனா நிக்கிறதுதான் இவ வேலைன்னு அவங்க மனசுல பதிஞ்சிருக்கு.

இப்ப சில கடையில ஸ்டூல் வந்திருக்கு, சந்தோஷம். நான் போற சில கடையில அந்த ஸ்டூல் மேல அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கு.

அதனால உங்ககிட்ட ஒரு கோரிக்கை. நிருபர் யாரையாவது ஒரு சாதாரண செவ்வா புதன்ல மத்தியானம் மூணு மணி வாக்குல, முன்னாடியே சொல்லாம, சேலை எடுக்கறவங்க மாதிரி நாலஞ்சு கடைக்கு அனுப்புங்க, எத்தனை ஸ்டூல் இருக்கு, அதுல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்து எழுதச் சொல்லுங்க. 22-ஏ பிரிவு என்ன சொல்லுதுன்னு எளிமையா ஒரு பெட்டிச் செய்தி போடுங்க, உக்கார விடலன்னா தொழிலாளர் துறையில எங்க, எப்படிப் புகார் பண்றதுன்னும் அதுலயே போட்டா ஹாஸ்டல்ல இருக்கற பிள்ளைங்க கிழிச்சு வச்சுக்குவாங்க. அடுத்த தீபாவளிப் பக்கத்துல முதலாளி பேட்டிக்குப் பக்கத்துலயே ஒரு சேல்ஸ் பொண்ணு பேட்டியும் வேணும், அவளுக்கு எந்த சேலை பிடிக்கும்னும் கேளுங்க, ஆனா தயவுசெஞ்சு அவ பேரும் கடை பேரும் போட்டுறாதீங்க, வேலை போயிரும்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஜவுளிக்கடை ஊழியர்,
கோவில்பட்டி