பார்க்கப் போகிறவர்களும் பார்க்கப்படுகிறவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இந்த மாதம் எத்தனை சுற்றுலாப் பயணிகள் வந்திறங்கினார்கள் என்ற கணக்கு, மழைவீழ்ச்சி அறிக்கையைப் போல, நமது நாளிதழ்களில் தவறாமல் வெளியாகிறது. 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டிய வருகை, 2019 ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னர் சரிந்து, பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், இரண்டு இலட்சத்துக்கும் கீழே போனது. பின்னர் எரிபொருள் வரிசைகளின் காலத்தையும் கடந்து 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. அந்த ஏற்ற இறக்கத்தை வயிற்றால் உணர்ந்த முச்சக்கர வண்டிச் சாரதிகளும் விடுதிப் பணியாளர்களும் கொழும்பில் நம் அயலிலேயே வாழ்கிறார்கள். ஆகவே சுற்றுலா வேண்டாம் என்று எழுத எனக்கு மனமில்லை. அப்படி எழுதுவது நேர்மையும் ஆகாது. ஆயினும் வந்தவர் தொகையையும் டொலர் தொகையையும் வைத்தே ஒரு துறையை அளந்துகொண்டிருக்கும்போது, பார்க்கப்படுகிற ஊர் எதைப் பெற்றது, எதை இழந்தது என்ற கணக்கு எங்கும் பதிவாவதில்லை. சுற்றுலாப் பயணி என்றதும் வெளிநாட்டவரையே நினைத்துக்கொள்ளும் நாம், வருடத்தில் சில நாட்கள் அதே பயணியாக இன்னொருவர் ஊருக்குள் நுழைகிறோம் என்பதையும் எளிதில் மறந்துவிடுகிறோம். இக்கடிதம் முக்கியமாக அந்த நம்மைப் பற்றியது.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கொழும்பு வெறிச்சோடும்போது நுவரெலியா மூச்சுத் திணறுகிறது. வசந்த காலக் கொண்டாட்டம், குதிரைப் பந்தயம், கிரகறி வாவியில் படகு என்று அந்தச் சில வாரங்களில் அங்கே குவிகிறவர்களில் பெரும்பாலோர் உள்நாட்டவர். வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வான் பிடித்துப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதில் பங்குண்டு. அறை வாடகை பல மடங்காவதைப் பற்றி நாம் புலம்புகிறோம். அதே நாட்களில் நெரிசலில் அகப்பட்டு மருத்துவமனைக்குப் போக முடியாமல் நிற்கும் ஊரவரையும், வீதியோரத்தில் நாம் விட்டுவரும் சோற்றுப் பொதிகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் மறுநாள் காலையில் அள்ளுகிற நகரசுத்தித் தொழிலாளர்களையும் பற்றி யாரும் பேசுவதில்லை. கடலுக்கு அப்பால், இதே போன்றதொரு மலைநகரான ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நிலைமை கைமீறியபோது சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறையைக் கொண்டுவரச் செய்தது. 2025 கோடைக் காலத்தில் ஊட்டிக்குள் வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 வாகனங்கள் என்று வரம்பும் விதித்தது. அந்த ஏற்பாட்டில் வியாபாரிகளுக்கு மனக்குறை உண்டு, அமுலாக்கத்திலும் ஓட்டைகள் இருக்கலாம். ஆனால் ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வி அங்கே கேட்கப்பட்டுவிட்டது. நமது மலைக்கு அந்தக் கேள்வி இன்னும் வரவில்லை.

மலையகத்தில் சுற்றுலாவின் இன்னொரு விளைவு ரயில் பாதையில் தெரிகிறது. கொழும்பு கோட்டையிலிருந்து பதுளைக்குச் செல்லும் ரயில் இன்று உலகின் அழகிய பயணங்களுள் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் படமெடுக்காமல் எல்லவிலிருந்து திரும்புகிறவர் அரிது. அந்தப் பாதை முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போடப்பட்டது. தேயிலை வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று புறக்கோட்டைக் கடைகளிலும் கொழும்பின் சமையலறைகளிலும் வேலை செய்துவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று ஊர் திரும்புவதற்கு அதே ரயிலைத்தான் நம்பியிருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் ஆசனங்கள் தீர்ந்துபோவதும், பின்னர் அவை பல மடங்கு விலைக்கு வெளியே விற்கப்படுவதும் 2025இன் தொடக்கத்தில் பெரும் சர்ச்சையாகி, விசாரணைக்கும் கைதுகளுக்கும் இட்டுச் சென்றதை உங்கள் வாசகர்கள் அறிவார்கள். டொலரில் சம்பாதிப்பவருக்கு அந்தக் கள்ள விலை ஒரு கோப்பிக் காசு. கடைச் சிப்பந்திக்கு அது சில நாள் கூலி. மிதிபலகையில் தொங்கியபடி கைப்பேசிக்குச் சிரிக்கும் பயணிகள் தவறி விழுந்து காயமடைந்ததும் இறந்ததும் செய்தியாகின்றன. ஆசனம் கிடைக்காமல் மலசலகூட வாசலில் குந்தியிருந்து ஊர் போய்ச் சேர்ந்தவர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை.

பாதையோரத் தேயிலைச் சரிவுகளில் கூடையோடு நின்று, படமெடுக்க வரும் பயணிகளிடம் சில்லறை பெற்றுக்கொள்ளும் பெண்களை நுவரெலியா வீதியில் போகிற எவரும் கண்டிருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு நாவு எழவில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாயாவதற்கு 2021 வரையும், 1350 ரூபாயாவதற்கு 2024 வரையும் போராட வேண்டியிருந்த ஒரு தொழிலில், ஒரு படத்துக்கு நின்று கொடுப்பது கொழுந்து பறிப்பதைவிட இலாபமாக இருந்தால் அந்த வெட்கம் அவர்களுடையது அல்ல. வெள்ளைக்காரத் துரைமாரின் பழைய பங்களாக்கள் ஓர் இரவுக்கு நூற்றுக்கணக்கான டொலர் வாடகையில் விருந்தினரை ஏற்கும் அதே தோட்டங்களில், கூப்பிடு தூரத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் லயன் அறைகள் இன்னும் நிற்கின்றன. கொழும்பிலிருந்து போகும் நம் பிள்ளைகளில் சிலர் அந்த லயன் வாசலில், காயப்போட்ட துணிகளுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் நடுவே, அனுமதி கேளாமல் நின்று படமெடுத்துச் சமூக ஊடகத்தில் இடுகிறார்கள். கொள்ளுப்பிட்டியில் ஒருவர் வீட்டு முற்றத்தில் இப்படிச் செய்யத் துணிவார்களா என்று பெற்றோர் அவர்களைக் கேட்க வேண்டும்.

வடக்கைப் பற்றிப் பேசும்போது நாம் கோபப்படுகிறோம், அந்தக் கோபத்துக்கு நியாயமும் இருக்கிறது. 2009க்குப் பின்னர் ஏ-9 வீதியில் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்களில் நயினாதீவு விகாரைக்கு வழிபட வந்தவர்களும் இருந்தார்கள், வீழ்த்தப்பட்ட கிளிநொச்சி நீர்த்தாங்கியின் முன்னால் நின்று படமெடுத்து, பக்கத்திலிருந்த கடையில் நினைவுப் பொருள் வாங்கிப் போனவர்களும் இருந்தார்கள். புதுக்குடியிருப்பில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் நிலக்கீழ்ப் பதுங்குமாளிகை 2013இல் தகர்க்கப்படும் வரை ஒரு காட்சிப்பொருளாகவே திறந்து வைக்கப்பட்டிருந்தது. தாம் இழந்தவர்களின் எலும்பைக்கூடக் காணாத குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களில் இருந்து அந்த பஸ்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஓர் இடத்தின் துயரத்தை அந்த இடத்தவரின் வாயால் சொல்ல இடமளிக்காமல், வென்றவரின் பலகையை மட்டும் நட்டு வைத்துப் பயணிகளை அழைப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை அந்த ஆண்டுகளில் நாம் படித்தோம். அப்படிப் படித்தவர்கள், மலையக மக்களின் வறுமையைப் பின்னணியாக வைத்துப் படமெடுக்கும்போது கூசாமல் இருப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவைக்கலாம். ஆவணி மாதத்தில் நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகிற நம் உறவினர்களில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், பிறந்த மண்ணில் சுற்றுலா விசாவில்தான் இறங்குகிறார்கள். அவர்கள் வரவால் யாழ்ப்பாணத்தில் விடுதியும் வாகனமும் மண்டபமும் விலை ஏறுவதை ஊரில் இருப்பவர்கள் மெல்லிய சிரிப்போடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வரவால் வாழ்கிறவர்களும் அந்த ஊரவர்களே. ஆகவே உறவு என்பதால் மட்டும் ஒருவர் பயணியாக இருப்பதிலிருந்து விலக்குப் பெற்றுவிடுவதில்லை.

கரையோரத்தின் கதை ஓரளவு தெரிந்ததே. பாசிக்குடாவில் யுத்தத்துக்குப் பின் வரிசையாக எழுந்த நட்சத்திர ஹோட்டல்கள் வேலை கொடுத்தன. தோணி இழுத்து நிறுத்திய கரையைச் சுருக்கியும் விட்டன. பாணமையில் 2010இல் தம் காணிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், அதன் பகுதியில் படையினர் நடத்தும் விடுதி எழுந்ததைப் பார்க்க நேர்ந்தது. உனவட்டுனவில் 2024 பெப்ரவரியில், வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ரஷ்யர் சிலர் அறிவித்த விருந்து, ஊரவரின் கண்டனத்தால் கைவிடப்பட்டது. அந்த விருந்துக்கு எதிராகக் கிளம்பிய குரல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உள்ளூர் முகம் கண்டவுடன் வாசலில் தயங்கும் காவலாளிகள் இந்த நாட்டுக் கரைகளில் அதற்கு முன்பும் இருந்தார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் நம்மவர்களே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் முதல் நெரிசல் மிகுந்த நாட்களில் ஒருநாள் பயணிகளிடம் 5 யூரோ அறவிடத் தொடங்கியது. பார்சிலோனா 2028 நவம்பருக்குள் பயணிகளுக்கான குறுகியகால வாடகை வீடுகளின் உரிமங்களை நிறுத்துவதாக அறிவித்தது. தாய்லாந்து தனது மாயா குடாவை 2018இல் மூடி, பவளப்பாறைகள் தேறுவதற்கு ஆண்டுக்கணக்காக விட்டது. அவை பணக்கார ஊர்களின் சொகுசு என்று சிலர் கூறுவர். எனினும் கட்டணமோ உரிமமோ எதுவாயினும், அந்த ஊர் மக்களுக்கு அதில் ஒரு வாய் இருந்தது என்பதே நான் கவனிக்கும் வேறுபாடு. இங்கே சீகிரியாவில் 2025இல் ஒரு வெளிநாட்டவர் 35 டொலர் செலுத்தி ஏறினார். அந்தப் பணம் மத்திய கலாசார நிதியத்துக்குப் போகிறது. சுற்றுலா நிறுவனங்களின் வருமானத்தில் அறவிடப்படும் ஒரு வீத வரியின் பெரும் பங்கு மேலும் பயணிகளை அழைப்பதற்கான விளம்பரத்துக்கே ஒதுக்கப்படுகிறது. வந்தவர்கள் விட்டுப்போன குப்பையை அகற்றும் பிரதேச சபையோ, தன் குழாயில் தண்ணீர் குறைந்த குடும்பமோ அந்தப் பங்கீட்டு மேசையில் இல்லை.

ஆகவே எனது வேண்டுகோள் மூன்று தரப்பினரை நோக்கியது. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, வருகைத் தொகையை வெளியிடும் அதே அறிக்கையில், ஒவ்வொரு தலத்திலும் அறவிட்ட நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு அந்தப் பிரதேச சபைக்குச் சென்றது என்பதையும் வெளியிட வேண்டும். ரயில்வே திணைக்களம், பண்டிகைக் காலத்து மலையக ரயில்களில் ஒரு பகுதி ஆசனங்களை தேசிய அடையாள அட்டை காட்டுபவர்களுக்கென, ஹட்டன் முதல் பதுளை வரையான நிலையங்களின் கருமபீடத்திலேயே விற்க வேண்டும். நுவரெலியா மாநகர சபை, அடுத்த சித்திரைக்கு முன்னர், நகருக்குள் ஒரு நாளில் எத்தனை வாகனங்களை ஏற்பது என்று தோட்ட மக்களின் பிரதிநிதிகளையும் அமர்த்திப் பேசி, முன்பதிவு முறை ஒன்றை அறிவிக்க வேண்டும். அந்த முறை வந்தால் முதலில் முணுமுணுக்கப் போகிறவர்கள் கொழும்பில் இருக்கும் நாமாகத்தான் இருப்போம் என்பதால், அந்த முணுமுணுப்பைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சபையினரை இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.