குனிவது வேறு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு இடுப்பு வலி அதிகமாகி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் உடனே பதில் போட முடியவில்லை. இப்போது பரவாயில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடக்கிறாள்.

முதலில் உன் கேள்வி. நியூயார்க்கின் புரூக்ளினில் இருக்கும் உன் மகள் வாசற்படியில் உட்கார்ந்து போட்டோ எடுத்து, 'எங்கள் வீட்டு ஸ்டூப்' என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். ஸ்டூப் என்றால் குனிவது என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன், படிக்கட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய். எழுத்தும் ஒலியும் ஒன்றுதான், ஆனால் இது வேறு சொல். 1664இல் ஆங்கிலேயர் பிடிக்கும்வரை நியூயார்க் டச்சுக்காரர்களின் ஊர். வாசலில் இருக்கும் படிமேடைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அப்படியே அங்கே தங்கிவிட்டது. சாயங்காலமானால் அதில் உட்கார்ந்து தெருவில் போவோர் வருவோரோடு பேசுவார்களாம். நம் திண்ணையேதான்!

குனிகிற ஸ்டூப்தான் ஒரு மாதமாக என் மனதில் கிடக்கிறது. கலிஃபோர்னியாவின் வயல் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு என்னிடம் சரிபார்க்க வந்தது. 'ஸ்டூப் லேபர்' என்று வந்த இடத்திலெல்லாம் 'இழிவான வேலை' என்று போட்டிருந்தார்கள். படித்ததும் நெஞ்சு சுருக்கென்றது.

எப்படி வந்தது என்று புரிகிறது. அகராதியில் தரம் தாழ்தல் என்றும் ஒரு பொருள் இருக்கிறதே. ஆனால் அந்தப் பொருள் சும்மா வராது. பெரும்பாலும் பின்னால் 'டு' வரும், அதன் பின்னால் பொய், கோள், திருட்டு என்று ஏதாவது ஒரு செயல் வரும். 'அந்த அளவுக்கு நான் இறங்கமாட்டேன்' என்கிறோமே, அந்த இடம் அது. 'டு' இல்லாத ஸ்டூப் பொதுவாக வெறும் உடம்புதான். கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிவதும் ஸ்டூப். வயதாகித் தோள் முன்னால் வளைந்து நடப்பதும் ஸ்டூப். பைரி என்கிற வேட்டைப் பறவை உயரத்திலிருந்து சிறகை மடக்கி இரைமேல் பாய்வதற்கும் இதே சொல்தான், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போகும். இதை உன் வகுப்பில் சொல்லிப் பார், பிள்ளைகள் சொல்லை மறக்கவே மாட்டார்கள்.

ஸ்டூப் லேபர் என்பது நாள் முழுக்கக் குனிந்தே செய்யும் வயல்வேலை. கலிஃபோர்னியாவில் லெட்டூஸ் கீரை, பீட் கிழங்கு வயல்களில் ஒரு குட்டைக் களைக்கொத்து இருந்தது. பிடி இரண்டடிக்குள்தான். மெக்சிகோக்காரத் தொழிலாளர்கள் 'எல் கொர்த்தீத்தோ', அதாவது குட்டையன் என்பார்கள். நிமிர்ந்து நின்று அதைப் பிடித்து வேலை செய்யவே முடியாது. அதனால் எவன் நிமிர்ந்தாலும் மேஸ்திரிக்கு உடனே தெரிந்துவிடும். முதுகெலும்பு தேய்ந்துபோனவர்கள் வழக்காடி, டாக்டர்களும் சாட்சி சொல்லி, 1975இல்தான் அதற்குத் தடை வந்தது. இவ்வளவு வலியையும் 'இழிவு' என்று எழுதினால் பழி குனிந்தவர் தலையில்தானே விழும்?

அம்மா பன்னிரண்டு வயதில் நடவுக்கு இறங்கியவள். பாரேன், 'இறங்கு' என்கிற நம் சொல்லும் அப்படித்தான். வயலில் இறங்கினாள் என்றால் அதில் ஒரு குறையும் இல்லை. நீயும் பார்த்திருக்கிறாய். இடக்கையில் நாற்றுமுடி, கட்டைவிரல் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்துத் தள்ளும், வலக்கை அதை வாங்கிச் சேற்றில் ஊன்றும், கால் ஓரடி பின்னால் போகும். வரப்பு வந்து காலில் இடிக்கும்வரை நிமிரமாட்டாள். இன்றைக்கு அவள் முதுகு வளைந்திருப்பதும் அதே கோணத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லா இடத்திலும் 'குனிந்து செய்யும் வயல்வேலை' என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். நீளமாக இருக்கிறது, சுருக்குங்கள் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம், தை பிறந்ததும் வருகிறேன் என்று எழுதியிருந்தாயே, இரண்டு நாளாவது தங்குகிற மாதிரி வா. அம்மா தினமும் உன்னைக் கேட்கிறாள்.

அன்புடன்,
சாந்தி