அந்தக் கேள்வியை ஆண்களிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை, சபைப் பொறுப்பு, தாய்மை ஆகிய மூன்றையும் கிறிஸ்தவப் பெண்கள் எவ்வாறு ஒருசேர நடத்திச் செல்லலாம் என்பது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். அதிகாலையில் எழுவது, வார அட்டவணை போடுவது, ஜெப நேரத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்று அதில் கூறப்பட்ட யோசனைகள் பயனுள்ளவையே. ஆயினும் கட்டுரை முழுவதும் பெண்ணிடமே பேசுகிறது. அதே வீட்டில் வாழும் கணவரிடமோ, அவளைப் பொறுப்பில் அமர்த்திய சபையிடமோ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அன்னையர் தின ஆராதனை என்றாலே வேதாகமத்தின் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம்தான். குணசாலியான ஸ்திரீ வயலை விசாரித்து வாங்குகிறாள், கச்சைகளை வர்த்தகரிடம் ஒப்புவிக்கிறாள், இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை என்று பிரசங்கம் நீளும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு ஆலயத்துக்கு வந்த தாயின் காதில் அது தன்னுடைய குறைகளின் பட்டியலாகவே விழும். ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் வசனமே, இவை லேமுவேல் என்னும் ராஜாவுக்கு அவன் தாய் போதித்தவை என்று சொல்லிவிடுகிறது. மகனுக்குத் தாய் சொன்ன புத்திமதியை எடுத்து மகள்களுக்கு வேலைப் பட்டியலாக மாட்டிவிட்டிருக்கிறோம். மேலும், 10 முதல் 31 வரையுள்ள 22 வசனங்களும் எபிரெய நெடுங்கணக்கின் எழுத்து வரிசையில் அமைந்த புகழ்ப்பாட்டு. ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதையும் பாடுகிற அதை ஒரே நாளின் கால அட்டவணையாக வாசிப்பது நியாயமாகாது. அவள் தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள் என்று 15-ஆம் வசனம் கூறுவதையும் கவனிக்க வேண்டும். அவளுக்குக் கைகொடுக்க ஆட்கள் இருந்தார்கள். அந்த வசனத்தில் நின்று பேசிய பிரசங்கியாரை நான் இதுவரை கேட்டதில்லை.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. சபையின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு பெண்ணின் பெயர் முன்மொழியப்பட்டால், "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்ற கேள்வி உடனே எழுகிறது. அக்கறையோடு கேட்பவர்களும் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் மூன்று பிள்ளைகளின் தகப்பனார் பெயர் முன்மொழியப்படும்போது அக்கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. வேதமோ அதை ஆண்களிடம்தான் வெளிப்படையாகக் கேட்கிறது. "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்பது 1 தீமோத்தேயு 3:5. சபையைக் கண்காணிக்கும் பொறுப்புக்குத் தகுதியாக வீட்டை நடத்துவதை அப்போஸ்தலனாகிய பவுல் வைத்திருக்க, நாமோ அந்த வீட்டுப் பொறுப்பையே பெண்ணுக்குத் தடையாக்கிவிட்டோம்.

தீத்து 2:5-ல் உள்ள "வீட்டில் தரித்திருக்கிறவர்களும்" என்ற சொற்களைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அன்றைய வீடு தொழிற்கூடமாகவும் சபை கூடும் இடமாகவும் இருந்தது. மனைவியும் கணவருமான பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் கூடாரம் பண்ணும் தொழிலாளர்கள். அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. போதகரான அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை அதிகத் திட்டமாக விவரித்துக் காட்டியவர்களும் அவர்கள்தான். இரத்தாம்பரம் என்னும் விலையுயர்ந்த துணியை விற்ற லீதியாளின் வீட்டில்தான் பவுலும் சீலாவும் தங்கினார்கள். தெபொராளோ இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவள். தன் பாட்டில் தன்னை இஸ்ரவேலிலே தாயாக எழும்பினவள் என்றே சொல்லிக்கொள்கிறாள்.

பின்னாளைய சரித்திரத்திலிருந்தும் நாம் பாதியைத்தான் எடுத்துச் சொல்கிறோம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயும் 19 பிள்ளைகளைப் பெற்றவருமான சுசன்னா வெஸ்லி, ஜெபிக்கத் தனியிடம் இல்லாமல் சமையல் மேலங்கியைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபித்தார் என்ற கதையை எல்லாரும் நெகிழ்ந்து சொல்கிறார்கள். அப்படிப்பட்ட நெருக்கடி ஏன் வந்தது என்று கேட்பவர் இல்லை; அவருடைய கணவர் 1705-ல் கடனுக்காகச் சிறையிலும் இருந்தவர். இதற்கு மாறாக, பின்னாளில் கணவரோடு சேர்ந்து இரட்சணிய சேனையை நிறுவிய கேத்தரின் பூத் 1860-ல் முதன்முதலாகச் சபையார் முன் எழுந்து பேசியபோது அவருக்கு நான்கு பிள்ளைகள், கடைக்குட்டி கைக்குழந்தை. பிரசங்க மேடையிலிருந்த கணவர் வில்லியம், அன்று மாலை ஆராதனையில் இவரே பிரசங்கிப்பார் என்று அப்போதே அறிவித்தார். ஒருவர் இடம்விட்டார், மற்றவர் எழுந்து நின்றார்.

சபைகளின் நடைமுறைக்கு வருகிறேன். பெண்கள் ஐக்கியம் வேலைநாளின் முற்பகலில் கூடுகிறது. அலுவலகம் செல்லும் பெண் வராவிட்டால் அவளுக்கு ஆவிக்குரிய ஆர்வம் குறைந்துவிட்டது என்கிறார்கள். நிர்வாகக் குழுவோ பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கப் போகும் வேளையில் கூடுகிறது. அங்கே இருக்கும் ஒன்றிரண்டு பெண் உறுப்பினர்கள், வீட்டுப்பாட நோட்டு எங்கே என்று கேட்டு வரும் அழைப்புக்குத் தணிந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டே வரவுசெலவுக் கணக்கைப் பார்க்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் குடித்து வைத்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவும் இடத்துக்குப் போகிறவர்களும் அவர்களே. அவர்கள் திரும்பி வருவதற்குள், தள்ளிவைக்கப்பட்ட விஷயம் வாசலில் நிற்கும் ஆண்களுக்குள் பேசி முடிக்கப்பட்டிருக்கும். உயிர்த்தெழுந்த ஆண்டவரே கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்து, சீஷர்களைச் சாப்பிட அழைத்திருக்க, கோப்பை கழுவுவதால் நம் சகோதரர்களின் மதிப்பு குறையும் என்று நான் நினைக்கவில்லை.

கூட்ட நேரத்தை உறுப்பினர்களைக் கேட்டு முடிவுசெய்வதும், கூட்டம் நடக்கும்போது பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆண்களும் பெண்களும் முறைவைத்து உதவுவதும் பணம் கேட்காத ஏற்பாடுகள். வீட்டில் எந்த வேலை யாருடையது என்பதைக் கணவனும் மனைவியும்தான் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். அதில் வெளியார் தலையிடுவதற்கில்லை. ஆனால் திருமணத்துக்கு முன் ஆலோசனை வழங்கும் போதகர்கள் இந்தப் பேச்சைத் தொடங்கி வைக்கலாம்.

தாங்கள் இதே பொருளில் மீண்டும் ஒரு கட்டுரை வெளியிடுவதாயிருந்தால், அதை தகப்பன்மார்களை நோக்கி, ஒரு தகப்பனாரைக் கொண்டே எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி