எங்கள் சண்டை உங்கள் பதில் ஆகாது

அனுப்புநர்:
உங்கள் விளையாட்டுத் தொடரின் நெடுநாள் வாடிக்கையாளர்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: புதிய பாகத்தில் திறக்காத சேவ் கோப்பு (சேமித்துவைத்த ஆட்டம்), திரையில் மறைந்துபோன எண் விவரங்கள், வராத கூடுதல் தொகுப்புகள், இவற்றுக்கு உங்கள் உதவிப் பிரிவு அனுப்பிய பொருந்தாத பதில் குறித்து.

வணக்கம்.

உங்கள் வியூக விளையாட்டின் புதிய பாகத்தை, இருப்பதிலேயே விலை கூடிய பதிப்பாகப் பார்த்து முன்பதிவு செய்தவன் நான். முதல் பெரிய பேட்ச், அதாவது திருத்தப் பதிப்பு, வந்த அன்று என் சேவ் கோப்பு திறக்க மறுத்தது. பிழைச்செய்தியின் படத்தையும் கோப்பையும் இணைத்து உதவிப் பிரிவுக்கு எழுதினேன். வந்த பதிலின் சாரம் இது: புதிய பாகத்தின் வடிவமைப்பு பற்றி ரசிகர்களிடையே மாறுபட்ட கருத்துகள் இருப்பதை அறிவோம், உங்கள் கருத்தைக் குழுவிடம் சேர்த்துவிட்டோம், நன்றி.

நான் கருத்தே சொல்லவில்லையே. கோப்பு திறக்கவில்லை என்றுதான் சொன்னேன்.

ஒரு தடவை என்றால் யாரோ கைதவறி அனுப்பியிருப்பார்கள் என்று விட்டிருப்பேன். நகரத் திரையில் கூட்டல் ஒத்துவரவில்லை என்று எழுதியதற்கும் அதே வாசகம்தான். என்னோடு ஆடும் நண்பர் ஒருவருக்கு இந்தப் பாகம் ரொம்பப் பிடித்திருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்க வழி உண்டா என்று அவர் கேட்டார், அவருக்கும் அதே பதில். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது உண்மை. அந்தப் பிரிவை எல்லாப் புகாருக்கும் மூடியாகப் போட்டுச் சமாளிக்கிறீர்கள் என்பதே இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்த குறை.

முதலில் அந்தச் சண்டை எதைப் பற்றியது என்று எழுதிவிடுகிறேன். உங்கள் பதில்களைப் பார்த்தால் அது உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்று தோன்றுகிறது.

முந்தைய பாகங்களில் ஒரு ராஜ்ஜியத்தை எடுத்தால் கற்காலம் முதல் விண்கலம் வரை அதே ராஜ்ஜியம்தான். புதிய பாகத்தில் ஆட்டம் யுகங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. யுகம் முடிந்ததும் நாகரிகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், படைகள் குறையும், நடந்துகொண்டிருக்கும் போர்கள் எல்லாம் சமாதானமாகிவிடும். எனக்கு இது பிடிக்கவில்லை. ஏன் என்று ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். வடக்கே ஒரு மலைக்கணவாய், அதைத் தாண்டினால் எதிரியின் தலைநகரம். கணவாய் ஒரு கட்டம்தான் அகலம் என்பதால் கவண் எறியும் யூனிட்டுகளை ஒவ்வொன்றாகத்தான் கடத்த முடியும். கடத்தி, இரண்டு பக்கமும் ஈட்டிப்படையை நிறுத்தி, ஆற்றங்கரையில் தளபதியை வைத்து முற்றுகையிட்டேன். மதிலில் கால்வாசிகூட மிச்சமில்லை. இன்னும் இரண்டு சுற்று போதும். அதற்குள் யாரோ ஒரு மூலையில் ஏதோ ஒரு இலக்கை முடிக்க, யுகம் எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும் பட்டை நிரம்பிவிட்டது. திரை மாறியது. அடுத்த யுகம் தொடங்கியபோது அந்த மதில் புத்தம் புதிதாக நின்றது, என் கவண்கள் எதுவும் இல்லை, தளபதி என் தலைநகரில் இருக்கிறார், எதிரி அரசர் வணிக உறவுக்குத் தூது அனுப்புகிறார். முற்றுகையில் தோற்றிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

மறுபக்கத்தில் நிற்கும் என் நண்பரின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது வலுவானதுதான். பழைய பாகங்களில் பாதி ஆட்டத்திலேயே யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும். முன்னால் போனவன் மேலும் மேலும் முன்னால் போவான். மீதி நூறு சுற்று அடுத்து, அடுத்து என்று பொத்தானை அமுக்குவதுதான் வேலை. ஆட்டத்தைக் கடைசிவரை முடிக்காமல் புது ஆட்டம் தொடங்குவது எங்களில் பலருக்கு வழக்கம். யுகவெட்டு வந்தபிறகு பின்தங்கியவனுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது, நான் முதல் தடவையாக ஆட்டங்களை முடிக்கிறேன் என்கிறார் நண்பர். நோயைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். மருந்து பற்றித்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த மாதிரிச் சண்டை வியூக விளையாட்டு ரசிகர்களுக்குப் புதிதும் இல்லை. 2010இல் சிவிலைசேஷன் 5 ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்று விதியை மாற்றியபோது, தொடரே செத்தது என்றார்கள். 2012, 2013 விரிவாக்கங்களுக்குப் பிறகு அதையே தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2016இல் ஆறாம் பாகம் வந்தபோது அதன் படங்கள் பொம்மைப்படம் போல இருப்பதாக ஒரு ரகளை. 2021இல் ஹியூமன்கைண்ட் என்ற இன்னொரு விளையாட்டு யுகத்துக்கு ஒரு பண்பாடு மாற்றச் சொன்னது, 2025இல் சிவிலைசேஷன் 7 யுகத்துக்கு ஒரு நாகரிகம் என்றது, இரண்டையும் பற்றிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. எல்லா மாற்றமும் பிற்பாடு கொண்டாடப்படவும் இல்லை. 2010இல் கமாண்ட் அண்ட் கான்கர் 4 படைத்தளம் கட்டும் முறையையே எடுத்துவிட்டது, அந்தப் பாகத்துக்காக ஏங்குகிற யாரையும் நான் பார்த்ததில்லை. மூன்றில் ஒரு பங்கு பழையது, ஒரு பங்கு மெருகேற்றியது, ஒரு பங்கு புதியது என்று சிட் மையரின் சிவிலைசேஷன் தொடரில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். நீங்கள் எந்தப் பங்கை எவ்வளவு போட்டாலும் ஒரு கூட்டம் கத்தத்தான் செய்யும். வியூக விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு வாதம் செய்வது ஆட்டத்தில் பாதி. அதை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டியதில்லை.

ஆனால் சண்டையே இல்லாத விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் நீங்கள் தொடவே இல்லை.

உணவுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நகரத்தில் சுற்றுக்கு 11 உணவு வருகிறது. களஞ்சியம் கட்டினால் 3 கூடும் என்கிறது திரை. கட்டி முடித்தால் 12 என்று காட்டுகிறது. மிச்சம் இரண்டு எங்கே போயிற்று? மக்கள்தொகை கூடியதால் தின்றுவிட்டார்களா, மகிழ்ச்சி குறைந்து வெட்டு விழுந்ததா, பக்கத்து நகரத்துக்குப் போனதா, அல்லது வெறும் பிழையா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. முந்தைய பாகத்தில் எண்ணின் மேல் மவுஸை வைத்தால் ஆற்றிலிருந்து இவ்வளவு, வயலிலிருந்து இவ்வளவு, வரியில் போனது இவ்வளவு என்று பிரித்துக் காட்டும். இப்போது உணவுப் படம் மட்டும் பெரிதாக வருகிறது. புதியவர்களைப் பயமுறுத்தக்கூடாது என்று எடுத்துவிட்டதாக ஒரு விளக்கம் உலவுகிறது. என்னோடு ஆடும் இன்னொரு நண்பர் இந்தத் தொடருக்குப் புதியவர். கணக்கு தெரியாமல்தான் அவர் பயப்படுகிறார். வியூக விளையாட்டில் எண்ணை மறைப்பது சதுரங்கத்தில் பாதிக் காய்களைத் துணி போட்டு மூடுவதற்குச் சமம்.

கணினி எதிராளி கடல் கடந்து படை இறக்கத் தெரியாமல் கப்பல்களைக் கரையோரம் சுற்றவிடுகிறது, தீவில் நகரம் வைத்தவனுக்குத் தோல்வியே கிடையாது. பேட்ச் வந்தால் மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள்) போடாத சேவ் கோப்புகூட உடைகிறது, வெளியீட்டுக் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை இல்லை. எழுத்தின் அளவை மாற்ற முடியாது. வரைபடத்தில் நகரத்தின் பெயரைத் தேட முடியாது. யுகவெட்டை ரசிக்கிறவரும் வெறுப்பவரும் இவற்றை ஒரே குரலில் சொல்கிறார்கள்.

விற்பனைத் தளத்தில் உங்கள் விளையாட்டுக்கு இப்போது கலவையான மதிப்பீடு என்ற பட்டம் இருக்கிறது. ஸ்டீம் என்ற அந்தத் தளத்தில் அது நேர்மறை மதிப்புரைகள் 40 முதல் 69 சதவீதம் வரை இருந்தால் விழுவது. அதைக் காட்டித்தான் கருத்துகள் பிரிந்திருக்கின்றன என்கிறீர்கள். கட்டைவிரல் உயர்த்தியவர்களின் மதிப்புரைகளை ஒருமுறை திறந்து படியுங்கள். பிடித்திருக்கிறது, ஆனால் திரை அரைகுறை, கணக்கு தெரியவில்லை என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். கட்டைவிரலின் திசையை எண்ணினீர்களே தவிர அதற்குக் கீழே இருப்பதைப் படிக்கவில்லை.

உங்கள் பிரதிநிதி ஒருவர் நேரலையில், நீண்டகால வீரர்களுக்கு மாற்றத்தை ஏற்கக் காலம் பிடிக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நீண்டகால வீரன் என்ற முறையில் சொல்கிறேன்: தளபதி முறையை நான் ஏற்றுக்கொண்டேன். பத்துப் படைகளை ஒவ்வொன்றாக நகர்த்தும் தொல்லை போயிற்று, அருமையான வேலை. ஆறுகளில் கப்பல் விடும் வசதியும் அப்படித்தான். கூட்டல் தப்பாக இருப்பதை ஏற்கத்தான் எவ்வளவு காலம் ஆனாலும் முடியாது. பிறகு ஒரு கருத்துக்கணிப்பு அனுப்பினீர்கள். யுகமாற்றம் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஐந்து நட்சத்திரம். பழுதுகளைப் பற்றி எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

இனி பணத்துக்கு வருகிறேன். விலை கூடிய பதிப்பில் முன்னணுகலும், அதாவது வெளியீட்டுக்குச் சில நாள் முன்பே ஆடும் வசதியும், இரண்டு கூடுதல் தொகுப்புகளும் அடங்கும் என்று விற்றீர்கள். முன்னணுகல் கிடைத்தது, அதில் நாங்கள் பிழைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம், சம்பளம் இல்லாமல். தொகுப்புகள் விரைவில் என்ற இடத்திலேயே நிற்கின்றன. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழி குறுகல். ஸ்டீமின் பொதுவிதி, வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. 2024 ஏப்ரல் முதல் முன்னணுகலில் ஆடிய நேரமும் அந்த 2 மணியில் சேரும். தளத்தின் விதியில் எனக்குக் குறை இல்லை. ஆனால் உங்கள் விளையாட்டில் 2 மணி நேரத்தில் முதல் யுகத்தைக்கூடத் தாண்ட முடியாது. வாங்கலாமா என்று தீர்மானிக்க வேண்டிய மாற்றம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. விளம்பரப் படத்திலும் முதல் யுகத்தைத்தான் அதிகம் காட்டினீர்கள்.

இதைச் சரிசெய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2க்கு 2024 மார்ச்சில் வந்த கடற்கரைத் தொகுப்புக்கு எதிர்ப்பு கிளம்பியதும், அடுத்த மாதமே மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்புவதாக அறிவித்து, தொகுப்பை இலவசமாக்கினார்கள். 2023 டிசம்பரில் டோட்டல் வார்: ஃபேரோவின் விலையைக் குறைத்து, முன்பே வாங்கியவர்களுக்கு ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த விளையாட்டுகளைப் பற்றியும் ரசிகர்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சண்டை முடியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை.

நான் கேட்பது இவைதான். உடைந்த சேவ் கோப்பை மீட்க ஒரு கருவி, அல்லது பழைய பதிப்புக்குத் திரும்பிப்போய் ஆட ஒரு வழி. எண்களைப் பிரித்துக் காட்டும் வசதி மீண்டும் வர வேண்டும், புதியவர்களுக்கு வேண்டாம் என்றால் அமைப்பில் ஒரு பொத்தானாக இருக்கட்டும். இரண்டு தொகுப்புகளுக்கும் தேதி, இல்லையென்றால் அவற்றுக்கான தொகை. யுகமாற்றத்தின்போது போரும் படையும் அப்படியே தொடரும் ஒரு தேர்வையும் கேட்கலாம்தான், ஆனால் அது என் கட்சியின் ஆசை. நண்பர் எதிர்வாக்குப் போடுவார், அதை மற்ற மூன்றோடு சேர்த்துக் குழப்பிவிடாதீர்கள். அப்புறம், உதவிப் பிரிவின் அந்த மாறுபட்ட கருத்துகள் வாசகத்தைப் பழுதுப் புகார்களுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள்.

இந்தக் கடிதத்துக்கு, படித்துப் பார்த்த ஒருவர் மூன்று கோரிக்கைகளுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி 30 நாளுக்குள் அனுப்ப வேண்டுகிறேன். வராவிட்டால் உங்கள் முந்தைய பதில்களின் நகல்களோடு இதே புகார் விற்பனைத் தளத்துக்கும் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கும் போகும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்