அளந்த எண்ணையும் எங்களுக்குச் சொல்லுங்கள்

கல்பாக்கத்தில் ஈனுலைகளை (எரிப்பதைவிடக் கூடுதலாக எரிபொருளை உண்டாக்கும் அணு உலைகளை) வடிவமைக்கும் அறிவியலாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். எர்ணாவூரிலிருந்து எழுதுகிறேன். அனல்மின் நிலையக் கொதிகலன்களில் முப்பது ஆண்டுகள் வெல்டிங் வேலை பார்த்தவன். அணு உலை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓய்வுக்குப் பிறகு தேடித் தேடி வாசித்ததுதான்.

கொதிகலன் குழாய்களைப் பற்றவைத்து முடித்ததும் தண்ணீர் நிரப்பி, ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றிப் பார்ப்போம். ஹைட்ரோ டெஸ்ட் என்போம். டார்ச் விளக்கோடு உள்ளே தவழ்ந்து, ஒவ்வொரு மூட்டையும் துணியால் துடைத்துவிட்டுக் காத்திருப்போம். எக்ஸ்ரே படத்தில் பழுதில்லை என்று வந்த மூட்டு ஒன்றில் ஒருமுறை குண்டூசித் தலையளவு நீர் அரும்பியது. துடைத்தேன், மறுபடியும் அரும்பியது. அந்த மூட்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்தோம்.

1983 டிசம்பரில், அன்றைய சோவியத் லித்துவேனியாவின் இக்னாலினா உலையைத் தொடங்கும்போது நடந்த சோதனையிலும் இப்படி ஒன்று தெரிந்தது. உலையை அடக்குவதற்கான கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கிய முதல் நொடிகளில் தொடர்வினை தணியாமல் கூடியது. தண்டின் கீழ்ப்பகுதியில் இருந்த கிராஃபைட், தொடர்வினையை நடத்தும் நியூட்ரான்களை அடியில் விழுங்கிக்கொண்டிருந்த தண்ணீரை விலக்கித் தள்ளியதுதான் காரணம். குறை திருத்தப்படவில்லை. அதே வகை உலைகளை இயக்கியவர்களுக்கு அதன் தீவிரமும் தெரியவில்லை. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தியபோது தண்டுகள் அதையே செய்தன.

உங்கள் உலை வேறு வகை என்று அறிவேன். ஆனால் புளூட்டோனியம் தாங்கும் உள்ளகத்தில் பிழைக்கு இடம் குறைவு. யுரேனியம்-235 பிளவுபடும்போது வெளிவரும் நியூட்ரான்களில் சற்றுத் தாமதித்து வருபவை சுமார் 0.65 விழுக்காடு, புளூட்டோனியம்-239இல் சுமார் 0.21தான். அந்தச் சிறு பங்குதான் உலையை நம் கைக்கு அடங்க வைக்கிறது. அதனால்தான் தண்டுகள் தொடர்வினையை எவ்வளவு அடக்கும் என்பதைக் கணினி சொன்னதோடு விடாமல் குறைந்த திறனில் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. உலையின் வெப்பத்தை எடுத்துச் செல்லும் உருகிய சோடியம் ஓடும் விதத்தை அறியக் கால் அளவு மாதிரியில் தண்ணீரை ஓடவிட்டீர்கள். 1985இல் தொடங்கிய சோதனை ஈனுலையில் எரிபொருளை வைத்துப் பார்த்தீர்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன்.

கணினிகள் வேகமாகிவிட்டன என்று இனி வரும் உலைகளுக்குச் சோதனைகளைக் குறைத்துவிடாதீர்கள். கணித்த எண், அளந்த எண், இரண்டும் எங்கே விலகின, ஏன் விலகின என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தாருங்கள். விலகல் என்று படித்தால் மக்கள் பயந்துவிடுவார்கள் என எண்ண வேண்டாம். எங்கள் தெருவில் கொதிகலன், சுத்திகரிப்பு ஆலை, துறைமுகக் கிரேன் என்று வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். சோதனையில் கசிவு தெரிவது நல்லது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஐம்பது பிரதிகள் அனுப்பினால் போதும். எர்ணாவூர் முதல் காசிமேடு வரை நூலகங்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொதிகலன் வெல்டர்